புதுப்பித்த எச்பி-23 பவர் சப்ளையைப் பாதுகாப்பாகச் சோதிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், பென்டன் ஹார்பர் என்ற ஊரில் இருந்த ஹீத் கம்பெனி, ஹாம் ரேடியோக்களை (பொழுதுபோக்காக வானொலியில் பேசுவோரின் கருவிகள்) பாகம் பாகமாகப் பெட்டியில் போட்டு விற்றது. வாங்கியவரே வீட்டில் சால்டர் வைத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். அந்த ஹீத்கிட் வரிசையில் எச்டபிள்யூ-100, எச்டபிள்யூ-101, எஸ்பி-102 போன்ற வால்வு டிரான்சீவர்களுக்கு (அனுப்பவும் பெறவும் ஒரே பெட்டியாக உள்ள ரேடியோ) வீட்டு மின்சாரத்திலிருந்து சக்தி கொடுத்தது எச்பி-23 என்ற பவர் சப்ளை. பின்னால் ஏ, பி, சி என்ற எழுத்துகளோடும் வந்தது. கெப்பாசிட்டர், டயோடு, ரெசிஸ்டர் எல்லாம் மாற்றி முடித்துவிட்டு, "இனி பிளக்கைச் செருகலாமா?" என்று நிற்பவர்களுக்காக இந்தப் பக்கம். வேறு கம்பெனி சப்ளைகளில் எண்கள் மாறும், முறை பெரும்பாலும் இதுதான்.

இந்தப் பெட்டியிலிருந்து என்னென்ன வோல்டேஜ் வர வேண்டும்?

நான்கு வெளியீடுகள். ஹை வோல்டேஜ்: லோடு (கரண்ட் இழுக்கும் எதுவும்) இல்லாதபோது சுமார் 820 வோல்ட் டிசி, 250 மில்லிஆம்ப் இழுக்கும்போது 700. லோ வோல்டேஜ்: இரண்டு நிலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். மேல்நிலையில் லோடு இல்லாமல் 350, 150 மில்லிஆம்பில் 300. கீழ்நிலையில் லோடு இல்லாமல் 275, 100 மில்லிஆம்பில் 250. பயாஸ் (வால்வின் கரண்ட்டை அடக்கி வைக்கும் மைனஸ் வோல்டேஜ்): லோடு இல்லாமல் மைனஸ் 130, 20 மில்லிஆம்பில் மைனஸ் 100. ஃபிலமெண்ட் (வால்வைச் சூடாக்கும் இழை): 12.6 வோல்ட் ஏசி, 5.5 ஆம்ப் வரை.

இதெல்லாம் மெயின்ஸ் 120 அல்லது 240 வோல்ட் இருக்கும்போது வரும் எண்கள். 240 இணைப்பில் உங்கள் வீட்டில் 230 தான் வருகிறதென்றால் எல்லாமே 4 சதவீதம் குறையும். ஹை வோல்டேஜ் 786, ஃபிலமெண்ட் 12.1 என்று காட்டினால் அது பழுதல்ல. எனவே ஒவ்வொரு அளவையும் எழுதும்போது அந்த நேரத்து மெயின்ஸ் வோல்டேஜையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

உண்மையிலேயே அவ்வளவு ஆபத்தா?

ஆம். ஹை வோல்டேஜ் பகுதியில் 125 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இரண்டு சீரீஸில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 62.5 மைக்ரோஃபாரட், 820 வோல்ட்டில் 21 ஜூல் தேங்கி நிற்கும். இப்போது கடையில் கிடைப்பது 220 மைக்ரோஃபாரட் என்று அதைப் போட்டிருந்தால் 37 ஜூல். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு நெஞ்சு வழியாகப் பாய்ந்தால் உயிரை எடுக்க இது போதும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இது அங்கேயே இருக்கிறது.

தனியாக வேலை செய்யாதீர்கள். மெயின் சுவிட்ச் எங்கே என்று தெரிந்த ஒருவர் அறையில் இருக்கட்டும். மோதிரம், காப்பு, வாட்ச் வேண்டாம். காலில் ரப்பர் செருப்பு, தரையில் உலர்ந்த மரப்பலகை அல்லது ரப்பர் விரிப்பு. மின்சாரம் இருக்கும்போது ஒரு கை சட்டைப்பைக்குள் இருக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் இந்த வேலையைத் தொடவே கூடாது.

வீட்டில் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறது. ஷாக் அடித்தால் டிரிப் ஆகிவிடாதா?

ஆகாது. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆர்சிசிபி பார்ப்பது பேஸ், நியூட்ரல் இரண்டிலும் ஓடும் கரண்ட் சமமா என்பதை மட்டும்தான். எச்பி-23 உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர், வெளியீட்டுச் சுருளான செகண்டரியை மெயின்ஸிலிருந்து தனியாகப் பிரித்துவிடுகிறது. 820 வோல்ட்டில் கை வைத்தால் கரண்ட் செகண்டரிக்கும் சேசிஸுக்கும் (சப்ளையின் உலோக உடம்பு) இடையிலேயே சுற்றுகிறது. ஆர்சிசிபிக்கு அது தெரியவே தெரியாது. மெயின்ஸ் நுழையும் பிரைமரி பக்கம் இன்சுலேஷன் கிழிந்தால் மட்டும் அது காப்பாற்றும். அதற்காக அது இருக்கட்டும். 820 வோல்ட்டுக்கு உங்கள் பழக்கமும் ஒழுங்கும்தான் காவல்.

என்னென்ன கருவிகள் தேவை?

1000 வோல்ட் டிசி அளக்கும் நல்ல மல்டிமீட்டர். அதன் வயர்களும் 1000 வோல்ட் தாங்குபவை என்று அச்சிட்டிருக்க வேண்டும். மலிவு மீட்டரோடு வரும் வயர்கள் பெரும்பாலும் இதற்கு ஆகாது. குறைந்தது 2 ஆம்ப் வேரியாக் (ஏசி வோல்டேஜைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்ற உதவும் டிரான்ஸ்ஃபார்மர்). 230 வோல்ட் குண்டு பல்புகள்: 60 வாட்டில் ஒன்றும் 100 வாட்டில் ஒன்றும் முதல் சோதனைக்கு, 40 வாட்டில் நான்கும் 60 வாட்டில் மூன்றும் லோடுக்கு. எல்இடி பல்பு இதற்கு உதவாது. குண்டு பல்பின் ஃபிலமெண்ட் குளிர்ந்திருக்கும்போது ரெசிஸ்டன்ஸ் குறைவாகவும், சூடேறியதும் பத்து மடங்குக்கு மேலாகவும் இருக்கும். அந்தக் குணத்தைத்தான் இங்கே பயன்படுத்துகிறோம். முழுக்க ரப்பர் உறை போட்ட க்ரொக்கடைல் கிளிப்புகள் வேண்டும். பிறகு ஒரு டிஸ்சார்ஜ் குச்சி. அதை வாங்க வேண்டாம், செய்துகொள்ளலாம்.

டிஸ்சார்ஜ் குச்சியை எப்படிச் செய்வது? ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்தால் போதாதா?

ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். 21 ஜூல் ஒரே நொடியில் இறங்கும்போது முனை உருகித் தெறிக்கும், கெப்பாசிட்டரின் உள் இணைப்பும் அடிபடும்.

4.7 கிலோஓம், 10 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் இரண்டைச் சீரீஸில் சால்டர் செய்யுங்கள். ஒன்றே போட்டால் 820 வோல்ட் முழுதும் அதன் மேல் விழும், இரண்டாகப் பிரித்தால் ஆளுக்குப் பாதி. ஒரு அடி நீள பிவிசி மின்குழாயின் உள்ளே வைத்து, ஒரு முனையில் பித்தளைக் கொக்கி, மறுமுனையில் நல்ல இன்சுலேஷன் உள்ள வயரும் கிளிப்பும். கிளிப்பை முதலில் சேசிஸில் மாட்டுங்கள், பிறகுதான் கொக்கியை ஹை வோல்டேஜ் முனையில் வையுங்கள். மூன்று நான்கு நொடியில் பெரும்பகுதி இறங்கிவிடும். பத்து நொடி வைத்திருந்து, மீட்டரால் அளந்து பாருங்கள்.

அளந்து பூஜ்யம் வந்த பிறகும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரில் கொஞ்சம் வோல்டேஜ் தானாகத் திரும்பி எழும். எனவே உள்ளே கை வைத்து வேலை செய்யும் நேரம் முழுவதும், ஹை வோல்டேஜ் முனைக்கும் சேசிஸுக்கும் இடையே ஒரு கிளிப் வயர் மாட்டியே இருக்கட்டும். அதற்குப் பளிச்சென்ற சிவப்பு வயர் எடுத்து, ஒரு துணித்துண்டு கட்டிவிடுங்கள். மறுபடி மின்சாரம் கொடுக்கும்போது கழற்ற மறக்காமல் இருக்க அது உதவும்.

மின்சாரம் கொடுக்கும் முன் கண்ணால் எதைப் பார்க்க வேண்டும்?

புதுப்பிக்கும்போது நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி இந்த நான்கு இடங்களில்தான்.

முதலாவது, பயாஸ் கெப்பாசிட்டரின் திசை. பயாஸ் என்பது மைனஸ் வோல்டேஜ். ஆகவே அங்கே கெப்பாசிட்டரின் பிளஸ் முனைதான் சேசிஸுக்குப் போக வேண்டும். மற்ற எல்லா இடத்திலும் மைனஸைச் சேசிஸில் வைத்துப் பழகிய கை, இங்கேயும் அப்படியே வைத்துவிடுகிறது. திருப்பிப் போட்ட எலக்ட்ரோலிட்டிக் சூடாகி, உப்பி, வெடிக்கும்.

இரண்டாவது, ஹை வோல்டேஜின் மேல் கெப்பாசிட்டர். இது வோல்டேஜை இரட்டிப்பாக்கும் டபுளர் சர்க்யூட். இரண்டு கெப்பாசிட்டர்கள் ஒன்றன் மேல் ஒன்றாக நிற்கின்றன, ஒவ்வொன்றிலும் சுமார் 410 வோல்ட். கீழே உள்ளதன் மைனஸ் சேசிஸில் இருக்கிறது. மேலே உள்ளதன் மைனஸ் நடுப்புள்ளியில், அதாவது 410 வோல்ட்டில் இருக்கிறது. அதன் அலுமினிய டப்பா மைனஸோடு சேர்ந்தது என்பதால் டப்பாவே 410 வோல்ட்! பழைய கெப்பாசிட்டரில் இதைச் சுற்றி அட்டைக் குழாய் மாட்டியிருப்பார்கள். அதை "அழுக்கு அட்டை" என்று கழற்றிப் போட்டிருந்தால் தேடி எடுத்து மறுபடி மாட்டுங்கள். புதிய கெப்பாசிட்டரின் மேலுள்ள பிளாஸ்டிக் தோல் பெயர் அச்சிடுவதற்காக உள்ளது, இன்சுலேஷனாக அதை நம்பக்கூடாது. சேசிஸ் தகட்டிலிருந்து தள்ளி, பைபர் தகட்டின் மேல் உட்கார வையுங்கள்.

மூன்றாவது, டயோடு. டபுளரில் ஒவ்வொரு டயோடும் எதிர்த்திசையில் தாங்க வேண்டியது முழு 820 வோல்ட். ஒற்றை 1என்4007 தாங்குவது 1000. மெயின்ஸில் ஒரு துள்ளல் வந்தால் இடைவெளி போதாது. ஒவ்வொரு டயோடு இடத்திலும் இரண்டு டயோடு சீரீஸில் போடுங்கள்.

நான்காவது, கெப்பாசிட்டருக்குக் குறுக்கே உள்ள ரெசிஸ்டர்கள். இவைதான் பிளக்கைப் பிடுங்கிய பிறகு சார்ஜை இறக்குகின்றன. 100 கிலோஓம் என்றால் 410 வோல்ட்டில் 1.7 வாட் சூடு. 2 வாட் ரெசிஸ்டர் அந்தச் சூட்டிலேயே வருடக்கணக்கில் வெந்து மதிப்பு மாறும், கடைசியில் அறுந்துபோகும். 5 வாட் போடுங்கள். அதை கெப்பாசிட்டரின் உடம்பில் ஒட்டாமல் தூக்கி வையுங்கள்.

கெப்பாசிட்டரின் வோல்டேஜ் மதிப்பும் பாருங்கள். இரவில் மெயின்ஸ் 250க்குப் போகும் ஊரில் ஒவ்வொரு கெப்பாசிட்டரிலும் 427 வோல்ட் வரும். 450 வோல்ட் கெப்பாசிட்டருக்கு அது மூச்சுமுட்டும் நிலை. 500 வோல்ட் கிடைத்தால் அதுவே சரி.

ஓம் மீட்டரால் என்ன பார்க்கலாம்?

பிளக் பிடுங்கியிருக்க வேண்டும், ரேடியோ இணைந்திருக்கக் கூடாது. ஹை வோல்டேஜ் முனைக்கும் சேசிஸுக்கும் இடையே வையுங்கள். முதலில் குறைவாகக் காட்டி, மெல்ல மெல்ல ஏறி, குறுக்கு ரெசிஸ்டர்களின் கூட்டுத்தொகையில் நிற்க வேண்டும். இரண்டு 100 கிலோஓம் என்றால் சுமார் 200 கிலோஓம். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால் டயோடோ கெப்பாசிட்டரோ ஷார்ட். ஏறிக்கொண்டே போய் முடிவில்லாமல் காட்டினால் குறுக்கு ரெசிஸ்டர் அறுந்திருக்கிறது. இந்த இரண்டாவது நிலையில் சப்ளை நன்றாகவே வேலை செய்யும், பிளக்கைப் பிடுங்கிய பிறகு ஆளைக் கொல்லும். சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள்.

பிரைமரிக்கும் சேசிஸுக்கும் இடையே எதுவும் காட்டக்கூடாது. மெக்கர் (இன்சுலேஷனை அதிக வோல்டேஜில் சோதிக்கும் மீட்டர்) கிடைத்தால் 500 வோல்ட்டில் 20 மெகாஓமுக்கு மேல் இருக்கிறதா பாருங்கள். மெக்கர் வைக்கும் முன், மெயின்ஸ் வயரிலிருந்து சேசிஸுக்குச் சிறிய டிஸ்க் கெப்பாசிட்டர்கள் போயிருந்தால் அவற்றைக் கழற்றிவிடுங்கள். திரும்பப் போடும்போது பழையதைப் போடாமல், ஒய் வகை என்று முத்திரை உள்ள புதியதைப் போடுங்கள். பழுதானாலும் ஷார்ட் ஆகாமல், சேசிஸில் மெயின்ஸ் ஏறாதபடி செய்யப்பட்டது அந்த வகை மட்டும்தான்.

இரட்டைப் பின் வயரை மாற்றி மூன்று பின் வயர் போட்டிருக்கிறீர்கள் அல்லவா? எர்த் பின்னிலிருந்து சேசிஸ் வரை 0.5 ஓமுக்குள் இருக்க வேண்டும். எர்த் வயருக்குத் தனி நட்டு, பல் வாஷர், கீழே பெயிண்ட் சுரண்டிய உலோகம். டிரான்ஸ்ஃபார்மரின் நட்டிலேயே சேர்த்து முறுக்க வேண்டாம். ஃப்யூஸ் பேஸ் வயரில் இருக்கட்டும்.

நம் ஊர் 230 வோல்ட்டுக்கு எப்படி இணைப்பது?

டிரான்ஸ்ஃபார்மரில் இரண்டு 120 வோல்ட் பிரைமரி இருந்தால் இரண்டையும் சீரீஸில் இணைக்க வேண்டும். வயர் நிறத்தை உங்கள் மாடலின் மேனுவலில் பாருங்கள். இதில் இரண்டு வகைத் தவறு நடக்கும். ஒன்று, சீரீஸில் ஒரு பிரைமரி தலைகீழாக இணைந்துவிடுவது. இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்து, வெளியே வோல்டேஜே வராது, கரண்ட் மட்டும் அள்ளும். இன்னொன்று, அமெரிக்காவில் இருந்தபடியே பேரலலில் விட்டுவிட்டு 230ல் செருகுவது. கோர் நிறைந்து, ஃப்யூஸ் போகும் அல்லது டிரான்ஸ்ஃபார்மர் புகையும். இரண்டையும் கீழே சொல்லும் பல்புச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரே பிரைமரி என்றால் 500 விஏ ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வையுங்கள். 60 ஹெர்ட்ஸுக்கு என்று மட்டும் குறித்த டிரான்ஸ்ஃபார்மரை 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் கோரில் காந்த அடர்த்தி 20 சதவீதம் ஏறும், சூடும் ஏறும். லோடு இல்லாமல் ஒரு மணி நேரம் ஓட்டி, பிளக்கைப் பிடுங்கி, டிஸ்சார்ஜ் செய்துவிட்டுத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் உள்ளே கொடுக்கும் வோல்டேஜைக் குறைக்க வேண்டும்.

பிளக்கைச் செருகினாலும் சப்ளை ஆன் ஆகவில்லையே?

ஆகாது. எச்பி-23க்கு ஆன்-ஆஃப் சுவிட்ச் ரேடியோவில் இருக்கிறது. மெயின்ஸ் வயர் 11 பின் சாக்கெட் வழியாக ரேடியோவுக்குப் போய் சுவிட்சைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. மேசையில் தனியாகச் சோதிக்க, அந்த இரண்டு பின்களை மேனுவலில் பார்த்து, ஒரு 11 பின் பிளக்கில் அவற்றை இணைத்து, மூடியோடு தனி டெஸ்ட் பிளக்காகச் செய்துகொள்ளுங்கள். சாக்கெட்டில் வெறும் வயரைச் செருகுவது கூடவே கூடாது. ஒரே சாக்கெட்டில் மெயின்ஸும் 820 வோல்ட்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

இதே காரணத்தால், மின்சாரம் இருக்கும்போது இந்த பிளக்கைச் செருகவோ பிடுங்கவோ கூடாது. கேபிளை வேறு யாராவது மாற்றிக் கட்டியிருந்தால், சப்ளை பக்கம் இருப்பது துளையுள்ள சாக்கெட்தானா என்றும் பாருங்கள். பின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் வோல்டேஜ் வரக்கூடாது.

முதல் மின்சாரம் எப்படிக் கொடுப்பது?

மெயின்ஸின் பேஸ் வயரில் 60 வாட் குண்டு பல்பைச் சீரீஸில் வையுங்கள். அதன் பின் வேரியாக், அதன் பின் சப்ளை. வேரியாக் பூஜ்யத்தில். சப்ளையின் மூடி மாட்டியிருக்கட்டும், அல்லது கெப்பாசிட்டர் மேல் தடித்த மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள். திருப்பிப் போட்ட எலக்ட்ரோலிட்டிக் வெடித்தால் அலுமினிய டப்பா கண்ணை நோக்கித்தான் பறக்கும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

மெல்ல ஏற்றுங்கள். நல்ல சப்ளையில் பல்பு நடந்துகொள்ளும் விதம் தனி. கெப்பாசிட்டர் நிரம்பும்போது ஃபிலமெண்ட் செம்மண் நிறத்தில் கண் திறக்கும், ஓரிரு நொடியில் மங்கி, வெறும் இழை மட்டும் தெரியும் அளவுக்கு அடங்கும். பல்பு பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உடனே பூஜ்யத்துக்குத் திரும்புங்கள். உள்ளே ஷார்ட், அல்லது பிரைமரி இணைப்பு தவறு. அடங்கிய பல்பு இரண்டு மூன்று நிமிடத்தில் மெதுவாக மீண்டும் பிரகாசமாகிக்கொண்டே போனால் கெப்பாசிட்டர் ஒன்று கசிந்து சூடாகிக்கொண்டிருக்கிறது.

பல்போ வேரியாக்கோ ஷாக்கிலிருந்து பாதுகாக்காது. சப்ளையை மட்டும்தான் பாதுகாக்கும்.

வேரியாக்கை எந்தப் படிகளில் ஏற்றுவது? எதை முதலில் அளப்பது?

கால், அரை, முக்கால், முழு. ஒவ்வொரு படியிலும் ஐந்து நிமிடம். சிலிக்கான் டயோடு என்பதால் எல்லா வோல்டேஜும் ஒரே விகிதத்தில் ஏற வேண்டும். டிரான்ஸ்ஃபார்மருக்குக் கால் பங்கு வோல்டேஜ் போகும்போது, லோடு இல்லாமல்: ஃபிலமெண்ட் 3.15, பயாஸ் மைனஸ் 32, லோ வோல்டேஜ் மேல்நிலையில் 87, ஹை வோல்டேஜ் 205. எது விகிதத்தை விட்டு விலகுகிறதோ அங்கே தவறு. 205 வோல்ட்டில் கண்டுபிடிப்பது 820ல் கண்டுபிடிப்பதைவிட எவ்வளவோ நல்லது.

முதலில் பயாஸை அளக்கவும். எல்லோரும் ஓடிப்போய் 820 வோல்ட்டைத்தான் பார்ப்பார்கள். ரேடியோவைக் காப்பாற்றுவது இந்தச் சின்ன மைனஸ் வோல்டேஜ்தான். எச்டபிள்யூ-101ல் கடைசி நிலையில் உள்ள இரண்டு 6146 வால்வுகளை அடக்கிப் பிடித்திருப்பது பயாஸ். அது இல்லாமல் ஹை வோல்டேஜ் மட்டும் வந்தால், சில நொடிகளில் பிளேட் என்ற உள் உலோகத் தகடு செர்ரிப்பழம் போலச் சிவந்து வால்வு போய்விடும். பயாஸில் மதிப்பு சரி, குறி மைனஸ், பத்து நிமிடம் நிலையாக நிற்கிறது என்ற மூன்றும் உறுதியான பிறகு மற்றவற்றைப் பாருங்கள்.

பல்போடு முழு அளவு வரை போய் எல்லாம் சரி என்றால், 100 வாட் பல்புக்கு மாறி இன்னொரு முறை. பிறகுதான் பல்பை எடுக்க வேண்டும்.

820 வோல்ட்டை எப்படி அளப்பது?

மின்சாரம் இல்லாதபோது கிளிப்பை மாட்டி, கையை எடுத்துவிட்டு, மின்சாரம் கொடுத்து, மீட்டரைப் படித்து, மின்சாரத்தை நிறுத்தி, டிஸ்சார்ஜ் செய்து, பிறகு கழற்றுங்கள். கையில் புரோப் பிடித்து அளக்க வேண்டாம்.

முழு வோல்டேஜை அளப்பதற்கு முன் ஒவ்வொரு கெப்பாசிட்டருக்கும் குறுக்கே தனித்தனியாக அளந்தால் மீட்டருக்கும் சுலபம், தகவலும் அதிகம். இரண்டிலும் 410க்குப் பக்கத்தில் வர வேண்டும். ஒன்றில் மட்டும் 370 என்று குறைவாக வந்தால் அதன் குறுக்கு ரெசிஸ்டர் மதிப்பு குறைந்திருக்கும், இல்லையேல் அந்தக் கெப்பாசிட்டர் கசிகிறது. மேல் கெப்பாசிட்டரை அளக்கும்போது மீட்டரின் கறுப்பு வயரே 410 வோல்ட்டில் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

எண்கள் சரியாக வரவில்லை. எங்கே தேடுவது?

ஹை வோல்டேஜ் 410 அளவில் நின்றால் டபுளரின் ஒரு பாதி வேலை செய்யவில்லை: ஒரு டயோடு அறுந்திருக்கும் அல்லது சால்டர் விட்டிருக்கும். எல்லாமே ஒரே அளவில் குறைவு என்றால் மெயின்ஸ் அல்லது பிரைமரி இணைப்பு. சீரீஸ் பல்பு இன்னும் இருக்கிறதா என்றும் பாருங்கள், அடிக்கடி மறப்பது அதைத்தான். லோடு இல்லாதபோது சரி, லோடு கொடுத்ததும் வோல்டேஜ் விழுகிறது என்றால் கெப்பாசிட்டரின் கொள்ளளவு போதவில்லை, அல்லது எங்கோ இணைப்பில் ரெசிஸ்டன்ஸ். ஃபிலமெண்ட் வோல்டேஜ் லோடில் 11க்குக் கீழே போனால் 11 பின் சாக்கெட்டின் கறுத்த பின்களைச் சுத்தம் செய்யுங்கள். 5 ஆம்பில் 0.2 ஓம் இருந்தாலே ஒரு வோல்ட் போய்விடும்.

லோடு சோதனை அவசியமா? ரேடியோவையே லோடாக வைத்தால் என்ன?

லோடு இல்லாமல் அழகாக நிற்கும் பல சப்ளைகள் 100 மில்லிஆம்ப் இழுத்ததும் படுத்துவிடும். அதைக் கண்டுபிடிக்க விலைமதிப்புள்ள வால்வுகளைப் பணயம் வைக்க வேண்டாம். பல்புகள் மலிவு.

ஹை வோல்டேஜுக்கு 230 வோல்ட் 40 வாட் குண்டு பல்பு நான்கு, சீரீஸில். ஏறத்தாழ 150 மில்லிஆம்ப் இழுக்கும், வோல்டேஜ் 745 பக்கம் நிற்க வேண்டும். முழு 250 மில்லிஆம்ப் பார்க்க 60 வாட் பல்பு மூன்று சீரீஸில் வையுங்கள்; அப்போது 700க்குப் பக்கம் வர வேண்டும். அதை ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்டாதீர்கள், அந்த டிரான்ஸ்ஃபார்மர் பேச்சின் ஏற்ற இறக்கத்துக்காகக் கட்டப்பட்டது.

பல்பு ஹோல்டர்களை மரப்பலகையில் பொருத்துங்கள், இரும்புத் தகட்டில் வேண்டாம். அவை 250 வோல்ட்டுக்குச் செய்தவை, இங்கே முதல் ஹோல்டர் சேசிஸிலிருந்து 700 வோல்ட் மேலே நிற்கிறது. லோடை மின்சாரம் வருவதற்கு முன்பே இணைத்துவிட்டு வேரியாக்கால் ஏற்றுங்கள். நிரம்பிய கெப்பாசிட்டரில் குளிர்ந்த பல்பை மாட்டினால் பெரிய கரண்ட் பாய்ந்து பொறி பறக்கும். லோடுக்கு நடுவில் சுவர் சுவிட்ச் வைக்காதீர்கள். ஏசியில் பொறி ஒவ்வொரு அரைச்சுற்றிலும் தானே அணையும். 700 வோல்ட் டிசியில் அணையாது, சுவிட்சுக்குள்ளேயே எரிந்துகொண்டிருக்கும்.

லோ வோல்டேஜுக்கு 2 கிலோஓம்: 1 கிலோஓம் 50 வாட் இரண்டு சீரீஸில். 45 வாட் சூடு வரும், செங்கல்லின் மேல் வையுங்கள். பயாஸுக்கு 4.7 கிலோஓம் 5 வாட். ஃபிலமெண்டுக்கு கார் ஹெட்லைட்டின் 12 வோல்ட் 55 வாட் பல்பு ஒன்று, பேரலலில் ஒரு 10 வாட் சிறு பல்பு. ஐந்தரை ஆம்புக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

நான்கையும் ஒன்றாக இணைத்து, ஹை வோல்டேஜில் 150 மில்லிஆம்ப் அளவோடு அரை மணி நேரம். மெயின்ஸை நிறுத்தி, டிஸ்சார்ஜ் செய்து, டிரான்ஸ்ஃபார்மரையும் கெப்பாசிட்டர்களையும் தொடுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் நல்ல சூடாக இருக்கலாம். கெப்பாசிட்டர் லேசான வெதுவெதுப்புக்கு மேல் போகக்கூடாது.

ரிப்பிள் (டிசியில் மிச்சமிருக்கும் ஏசி அலை) எவ்வளவு இருக்கலாம்?

ஹை வோல்டேஜில் 250 மில்லிஆம்பில் 1 சதவீதம், அதாவது 7 வோல்ட் ஆர்எம்எஸ். இது 60 ஹெர்ட்ஸ் கணக்கு. அதே கெப்பாசிட்டரோடு 50 ஹெர்ட்ஸில் ஐந்தில் ஒரு பங்கு கூடும். பெரிய கெப்பாசிட்டர் போட்டவர்களுக்கு அது சரிக்கட்டிவிடும். ஆனால் 220 மைக்ரோஃபாரடுக்கு மேல் ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். ஆன் செய்யும் நொடியில் டயோடும் சுவிட்சும் தாங்க வேண்டிய கரண்ட்டும் ஏறும், தேங்கும் ஜூலும் ஏறும்.

ஆசிலோஸ்கோப்பின் சாதாரண பத்து மடங்கு புரோப் இந்த வோல்டேஜுக்கு ஆகாது. நூறு மடங்கு புரோப் வேண்டும். ஹை வோல்டேஜில் 100 ஹெர்ட்ஸ் ரிப்பிள் தெரிய வேண்டும். 50 ஹெர்ட்ஸ் ஓங்கித் தெரிந்தால் டபுளரின் ஒரு பாதி பலவீனம்.

கெப்பாசிட்டர் எல்லாம் புதிது. அப்படியும் மெதுவாக ஏற்ற வேண்டுமா?

கடையில் பல வருடம் கிடந்த பழைய ஸ்டாக் என்றால் உள்ளே ஆக்சைடு படலம் மெலிந்திருக்கும். ஒவ்வொரு படியிலும் ஐந்து நிமிடத்துக்குப் பதில் அரை மணி நேரம் கொடுங்கள். அண்மையில் தயாரானவற்றுக்கு அது தேவையில்லை. அங்கே மெதுவாக ஏற்றுவது சால்டர் தவறைக் குறைந்த வோல்டேஜில் பிடிப்பதற்காக.

எல்லாம் சரி. ரேடியோவை எப்போது இணைக்கலாம்?

லோடு சோதனை முடிந்து, குளிர்ந்து, டிஸ்சார்ஜ் ஆன பிறகு. முதலில் ரேடியோ பக்கத்து பிளக்கில் ஹை வோல்டேஜ், லோ வோல்டேஜ், பயாஸ் பின்களைச் சேசிஸுக்கு ஓம் மீட்டரால் பாருங்கள், எங்கும் ஷார்ட் இருக்கக்கூடாது. லோ வோல்டேஜ் நிலை உங்கள் ரேடியோவுக்கு உரியதுதானா என்றும் பாருங்கள்: எச்டபிள்யூ-100, 101, எஸ்பி வரிசைக்கு 300. ஒற்றைப் பேண்டு எச்டபிள்யூ-12, 22, 32க்கு 250.

ஹை வோல்டேஜ் வயரைச் சப்ளைக்குள்ளேயே தற்காலிகமாகக் கழற்றி, முனையை நன்றாக மூடி வைத்துவிட்டு மற்ற மூன்றோடு மட்டும் ரேடியோவை ஆன் செய்யுங்கள். 6146களைப் பிடுங்கி வைக்கலாமே என்று தோன்றும். 12.6 வோல்ட்டில் ஓடும் ரேடியோக்களில் 6.3 வோல்ட் ஃபிலமெண்டுகள் சீரீஸாகக் கோத்திருக்கும், ஒன்றைப் பிடுங்கினால் மற்றவற்றின் வோல்டேஜ் மாறலாம். சர்க்யூட்டைப் பார்க்காமல் பிடுங்க வேண்டாம். பயாஸ் கண்ட்ரோலை அதிக மைனஸ் பக்கம் திருப்பி வைத்து, 6146 சாக்கெட்டின் 5ஆம் பின்னில், அதாவது கன்ட்ரோல் கிரிடில், மைனஸ் வோல்டேஜ் வந்து சேர்கிறதா என்று அளக்கவும். சப்ளையில் சரியாக இருந்து கேபிளில் அறுந்துபோன பயாஸ் இங்கேதான் பிடிபடும். இரண்டு வால்வின் சாக்கெட்டிலும் பாருங்கள்.

வந்தால், நிறுத்தி, டிஸ்சார்ஜ் செய்து, ஹை வோல்டேஜ் வயரைத் திரும்ப இணைத்து, மூடிகளை மாட்டி, ஆன்டெனா முனையில் 50 ஓம் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதில் சக்தியை வாங்கிக்கொள்ளும் ரெசிஸ்டர்) வைத்து ஆன் செய்யுங்கள். ஐந்து நிமிடம் ரிசீவில் விடுங்கள், பிளேட் மீட்டர் அசையக்கூடாது. பிறகு மேனுவல் சொல்லும் நிலையில், மைக்கில் சத்தம் இல்லாமல் டிரான்ஸ்மிட்டுக்கு மாற்றி, பிளேட் கரண்ட் 50 மில்லிஆம்ப் வரும்வரை பயாஸ் கண்ட்ரோலை மெல்லத் திருப்புங்கள். விரல் டிரான்ஸ்மிட் சுவிட்சின் மேலேயே இருக்கட்டும். கரண்ட் தானாக ஏறத் தொடங்கினால் அந்த நொடியே விட்டுவிடுங்கள்.